பதினாறு மாநிலங்களும் ஒரு கல்யாணமும்

ஜேர்மனியின் கூட்டாட்சியைப் பற்றி ஒரு மணித்தியாலம் பேசக்கூடிய நான், அதே கூட்டாட்சியில் தடுக்கி விழுந்தேன். எழுதவே கூச்சமாக இருக்கிறது.

மனைவியின் ஒரே தம்பி மியூனிக்கில் இருக்கிறார். எங்கள் மகளுக்குத் தன் கல்யாணத்துக்கு அந்த மாமா குடும்பமாக வரவேண்டும் என்று ஆசை. டுசெல்டோர்ஃப் நண்பர் ஒருவரிடம் பள்ளி விடுமுறையை விசாரித்து, ஜூலை நடுவில் இங்கே கனடாவில், ஸ்காபரோவில் மண்டபம் எடுத்தேன். மைத்துனருக்குப் போன் செய்தேன். பதினாறு மாநிலங்கள், ஒவ்வொன்றுக்கும் தனி அரசு, கார்த் தொழிற்சாலைகள் எங்கே, வங்கிகள் எங்கே, பள்ளிக்கூடங்கள் மாநிலத்தின் பொறுப்பு என்று விரிவுரை நடத்தி, இடையில் திகதியையும் சொன்னேன். மறுப்பு வரவில்லை. சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அழைப்பிதழ் கிடைத்ததும் அவர் பதறிப் போன் எடுத்தார்.

"அத்தான், உது டுசெல்டோர்ஃப் லீவெல்லோ! எங்கட மாநிலத்தில ஓகஸ்டிலதான் பள்ளிக்கூடம் விடும். பிள்ளையளைப் பள்ளிக்கூடத்தால மறிச்சுக் கூட்டிவர ஏலாது."

மண்டபத்தை மாற்ற வழியில்லை. அவர் தனியாக வந்தார். மணவறையிலிருந்து மகளின் கண்கள் மாமியையும் மச்சாள்மாரையும் தேடின. நான் பார்க்காதவன் போலப் பந்தியைக் கவனிக்கப் போனேன்.

இப்போதெல்லாம் நாள் குறிக்குமுன் எந்த மாநிலம் என்று கேட்கிறேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன்.

கல்யாணம் முடிந்து மன்னிப்புக் கேட்கப் போன் எடுத்தபோது மைத்துனரின் மகள் ஆறுதல் சொன்னாள்.

"பரவாயில்லை மாமா. நீங்கள் ஜேர்மனியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினா, அப்பா போனை மேசையில வைச்சிட்டுத் தேத்தண்ணி போடப் போயிடுவார். நீங்கள் சொன்ன திகதி அவருக்குக் கேட்டிருக்காது."