மாமா நோட்டில் ஏறிய திமிங்கிலம்

போன வாரம் என் பேத்தி கைப்பேசியில் ஒரு திமிங்கிலத்தைக் காட்டினாள். தூத்துக்குடிக் கடலில் மீன்பிடிக்கப் போன யாரோ எடுத்தது; முப்பத்தெட்டு விநாடி ஓடியது. இப்போது பதிவு என்றால் அவ்வளவுதான். எங்கள் காலத்தில் ஒரு நோட்டும் பென்சிலும், திறந்த கண்ணும் வேண்டியிருந்தன. கண்ணைத் திறப்பதுதான் என் மாமாவால் ஆகவில்லை.

ராஜபாளையத்தில் கண்மாய்க்கு மேல் தண்ணீர் பார்த்தறியாத அம்மாவின் தம்பிக்கு, தூத்துக்குடியில் கடல்விலங்குகளைக் கணக்கெடுக்கும் வேலை கிடைத்தது. தற்காலிக வேலை. நோட்டில் ஏதாவது ஏறினால்தான் நிரந்தரம். ஆறு முறை கடலுக்குப் போயும் நோட்டு வெறுமையாகவே இருந்தது. ஏழாவது முறை, பரீட்சை லீவுக்குப் போயிருந்த என்னையும் கூட்டிப்போனார். எனக்குப் பத்து வயது.

வள்ளம் கரையை விட்டதுமே முந்தைய ஆறு முறையும் என்ன நடந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது. மாமா ஒன்பது தடவை வாந்தி எடுத்தார். அதில் ஒன்று என் சட்டையில். பிறகு துண்டால் முகத்தை மூடிப் படுத்துவிட்டார்.

"மருமகனே, எதுவும் தெரிஞ்சா எண்ணிக்கோடா. என்னால தலையத் தூக்க முடியல."

எண்ணுவது எனக்குப் பழக்கம்தான். அப்பா செண்பகத்தோப்பில் வனக்காவலர். யானைகள் ஓடையைக் கடக்கும்போது, புதரை விட்டு வெளிவரும் ஒவ்வொரு முதுகையும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது அவர் முறை. அன்று கடலில் ஒரு கரிய முதுகு எழுந்து, தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு அமிழ்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகும் ஒன்று.

"பதினொன்னு மாமா!"

வள்ளக்காரர் சிரித்த சிரிப்பில் வள்ளம் ஆடியது. "ஏலே, இது என்ன ஆட்டு மந்தையாலே? ஒத்த மீனுதாம்ல முங்கி முங்கி எந்திக்கி. சார், செத்த எந்திச்சிப் பாரும்!"

"முடியல அண்ணாச்சி."

கரையில் இறங்கியதும் மாமா மணலில் உட்கார்ந்து நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீரே பாத்ததா எழுதும். கடலா வந்து சாட்சி சொல்லப் போவுது?" என்றார் வள்ளக்காரர்.

மாமா எழுதினார்: திமிங்கிலம், ஒன்று. பார்த்தவர் என்ற இடத்தில் வள்ளக்காரர் பெயர். அதன் கீழே, 'நான் பார்க்கவில்லை.'

என் பதினொன்றைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஊர் வந்து சேரும்வரை நான் அவரோடு பேசவில்லை.

இரண்டே மாதத்தில் வேலை போய், மாமா ராஜபாளையத்துக்கே திரும்பி ஒரு நூற்பாலையில் சேர்ந்தார். வீட்டில் யாரும் காரணம் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியுமே என்று இருந்தேன்: பத்துத் திமிங்கிலங்களைக் குறைத்து எழுதினால் எந்த ஆபீஸ்தான் சும்மா விடும்?