மூன்றாம் விரலில் மெட்டி

ஐம்பத்தொரு வயதில் தொழிற்சாலை என்னை வீட்டுக்கு அனுப்பியது. இருபத்தாறு ஆண்டுகள் மின்னணுச் சில்லுகளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் வேலை. பாயா ரும்புட்டில் உள்ள என் வீட்டில் இரண்டு மாதம் சும்மா இருந்த பிறகு, அக்காவின் மகள் எனக்கு ஒரு தொழிலைச் சொல்லிக் கொடுத்தாள். பொருள் நம் கையில் இருக்காது. இணையக் கடையில் உள்ள ஒரு பொருளைப் பற்றிக் காணொளி போட்டு, கீழே அதன் இணைப்பைக் கொடுக்க வேண்டும். அதைத் தட்டி யாராவது வாங்கினால் நமக்குக் கமிஷன்.

"கண்டதையும் போடாதீங்க மாமா. ஒரே வகைய எடுங்க. உங்களுக்கு நல்லா தெரிஞ்சதா இருக்கணும்லா," என்றாள்.

நாட்குறிப்பில் நான்கு வகைகளை எழுதினேன். பூசைப் பொருள் திருவிழாவுக்குத் திருவிழாதான் விற்கும். தூண்டிலை நான் தொட்டதே இல்லை. சமையல் பாத்திரம் போடாத ஆளே கிடையாது. நான்காவது, இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவர்களின் கால் பராமரிப்பு: மெத்தென்ற செருப்பு, தையல் உறுத்தாத காலுறை, வெடிப்புக்குத் தடவும் களிம்பு. அதற்கு எதிரே நான் எழுதியதை அப்படியே தருகிறேன். 'வீட்டுக்கு ஒருவர். குணமாகாது. பயம் குறையாது.' அடியில் கோடு போட்டேன்.

எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயமும் அதுதான். அக்காவுக்கு இனிப்பு நீரால் வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரலை எடுத்துவிட்டார்கள். தங்கா பத்துவில் அவள் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குக் கட்டு மாற்ற அழைத்துப் போனவன் நான். புண் ஆறுகிறதா என்று பார்க்க, ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்துத் தேதியிட்டு வைத்தேன். ஆபரேஷனுக்கு முன் தாதி கழற்றிக் கொடுத்த மெட்டியை, மயக்கம் தெளிந்ததும் அக்கா கேட்டு வாங்கி அடுத்த விரலில் மாட்டிக்கொண்டாள். அத்தான் உயிரோடு இருக்கும்போது வெறுங்காலோடு இருக்க மாட்டாளாம்.

நான் வகை தேடிக்கொண்டிருந்த அந்த மாதம் அக்காவின் மகளைப் பெண் பார்க்கத் தஞ்சோங் கிளிங்கிலிருந்து வந்தார்கள். காபி கொடுக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் காலைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். தோட்டத்தில் வேலை செய்தபோது செம்பனை எண்ணெய்ப் பழக்குலை காலில் விழுந்துவிட்டது என்றாள் அக்கா. நோய் பரம்பரையாக வரும் என்று தட்டிக் கழித்துவிடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. தட்டு மாற்றுவதற்கு நாளும் குறித்தார்கள்.

இரண்டு வாரம் கழித்து என் முதல் காணொளியைப் போட்டேன். அக்காவின் கால் படங்களை வரிசையாக வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை, கேட்டால் விடமாட்டாள். முகம் இல்லை, ஊர் இல்லை, குரல் என்னுடையது. தரையின் டைல்ஸ்கூடத் தெரியாதபடி வெட்டினேன். மூன்று முறை சோதித்தேன். மெட்டி ஒரு குறையாக என் கண்ணில் படவில்லை.

கோயில் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் அது சுற்றியது. ஒரு மாலை நான் அக்கா வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளையின் அம்மா அழைத்தார். அக்கா கைப்பேசியை மேசையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டாள்.

"அந்தக் குலை ரொம்ப கெட்டிக்காரக் குலைதான் தங்கச்சி. பக்கத்து விரலுக்கு வலிக்காம ஒரே விரல்ல விழுந்துருக்கு."

அக்கா குனிந்து தன் காலைப் பார்த்தாள்.

"மூணாம் விரல்ல மெட்டியப் பாத்ததும் உங்க காலுன்னு தெரிஞ்சிருச்சு. நோய நான் குத்தம் சொல்லல. எனக்கும் இருக்கு, அதுல காட்டுன காலுறையக்கூட ஆர்டர் பண்ணிட்டேன். ஆனா முத நாளே பொய் சொன்ன வீட்ல எப்படிப் பொண்ணெடுக்குறது?"

வைத்துவிட்டார். அக்காவின் மகள் சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"வகை சரியாத்தான் எடுத்திருக்கீங்க மாமா. மாப்பிள்ள வீட்டுலயே வாங்கிட்டாங்க," என்றாள்.

அன்றுதான் என்னைக் கடைசியாக மாமா என்று அழைத்தாள். இப்போது எதுவும் சொல்லி அழைப்பதில்லை.

அக்கா எழுந்து போய்த் தேங்காய் எண்ணெய் எடுத்து வந்தாள். நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து, மூன்றாம் விரலில் எண்ணெயைத் தடவி மெட்டியைத் திருகினாள். வெளியே அத்தான் லாரியைக் கழுவும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. விரல் சிவந்து, மெட்டி கழன்றது. அதை என் முன்னால் வைத்தாள்.

"இந்தா தம்பி. இப்ப எடு படத்த. இனி யாரு காலுன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

காணொளியை அங்கேயே நீக்கினேன். வகையை மாற்றவில்லை, இப்போது செருப்பையும் காலுறையையும் மட்டும் காட்டுகிறேன். மெட்டி என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. இரண்டு முறை கொண்டுபோனேன். இரண்டு முறையும் அக்கா காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.