வெல்டர் அக்காவின் இரண்டு லிட்டர் டேங்க்

பால் பண்ணைகளுக்கு ஸ்டீல் டேங்க் செய்து கொடுக்கும் தொழிற்சாலையில் அவள் இருபத்திரண்டு வருடமாக வெல்டர். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட ‘வெல்டர் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பற்றவைத்த இணைப்பின் மேல் விரலை ஓட்டினால் நகம் எங்கேயும் தட்டாது. பேச்சு குறைவு; கோபம் வந்தால் அதுவும் கிடையாது. வீட்டில் கணவர் எதையாவது போட்டு உடைத்துவிட்டால், அவர் முகத்தைப் பார்க்க மாட்டாள், உடைந்த இடத்தைத்தான் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. வார நாட்களில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். வேனில் நாற்பதைத் தாண்ட மாட்டான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பந்தயத் தடத்தில் ஒரு பழைய காரைப் பேய் மாதிரி விரட்டுவான். அக்கா ஒரு தடவைகூடப் போய்ப் பார்த்ததில்லை. பார்க்கவே பயம் என்பாள்.

அந்த வருடம் காருக்குப் பெரிய எஞ்சின் மாற்றியிருந்தார்கள். மாற்றியதிலிருந்து தொல்லை. வலப்பக்கம் திரும்பும் நீண்ட வளைவில் எஞ்சின் திடீரென்று அடைத்துக்கொள்ளும், உடனே மீண்டும் பிடித்துக்கொள்ளும். அந்த அரை நொடிக்குள் மூன்று கார்கள் முந்திப் போய்விடும். பிளக் மாற்றினார்கள், இக்னிஷன் காயில் மாற்றினார்கள், வயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாகப் போட்டார்கள். எதற்கும் மசியவில்லை.

ஒரு மதியம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன் தட்டைத் தொடாமல் இருந்தான்.

“என்னடா, முகம் தொங்கிப் போயிருக்கு?”

“வண்டிதான்க்கா. அந்த ஒரு வளைவுல மட்டும் செத்துப் பொழைக்குது.”

“எல்லாச் சுத்துலயுமா?”

“இல்ல. கடைசி அஞ்சாறு சுத்துலதான்.”

“அப்ப டேங்க்ல எவ்வளவு இருக்கும்?”

தம்பி நிமிர்ந்து பார்த்தான். இத்தனை நாளில் யாரும் கேட்காத கேள்வி அது. “கால் டேங்குக்கும் கீழ,” என்றான்.

அக்கா எழுந்துபோய் ஓர் அகலமான தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி எடுத்துவந்தாள். மேசைமேல் வைத்து வெடுக்கென்று பக்கவாட்டில் இழுத்தாள். தண்ணீர் முழுக்க ஓர் ஓரத்துக்கு ஓடியது. மறு ஓரம் வெறுமையாகப் பளபளத்தது.

“உன் பம்ப் இந்தப் பக்கம் இருந்தா எதைடா குடிக்கும்?”

“காத்தை,” என்றான் தம்பி.

“பால் லாரிக்குள்ள தடுப்புத் தகடு எதுக்கு வைக்கிறோம்னு நெனச்ச? வண்டி திரும்பினா பால் சும்மா இருக்காதுடா.”

இருவரும் அப்படியே அந்தக் காரைப் பார்க்கும் மெக்கானிக் மீசையின் ஷெட்டுக்குப் போனார்கள். பெயர்தான் மீசை; முகத்தில் ஒரு முடி கிடையாது. விஷயத்தைக் கேட்டதும் அவர் தலையில் அடித்துக்கொண்டார். “சர்ஜ் டேங்க்! அதுக்குப் பேரே இருக்கு, தங்கச்சி. பெரிய வண்டிக்குத்தான் அதெல்லாம்னு நானே ஒதுக்கி வெச்சுட்டேன்.”

ஓர் அட்டைமேல் படம் போட்டுக் காட்டினார். பெரிய டேங்கிலிருந்து ஒரு சின்ன பம்ப் பெட்ரோலை இழுத்து, இரண்டு லிட்டர் பிடிக்கும் ஒரு குட்டி டேங்கை எந்நேரமும் நிரப்பிக்கொண்டே இருக்கும். அதன் அடியிலிருந்து வேகமான பம்ப் எஞ்சினுக்குத் தள்ளும். எஞ்சின் குடித்தது போக மிச்சம் குட்டி டேங்குக்கே திரும்பும். அங்கேயும் நிரம்பி வழிந்தால், மேலே உள்ள வாய் வழியாகப் பெரிய டேங்குக்குப் போகும். பெரிய டேங்க் நாலைந்து நொடி காற்றைக் கொடுத்தாலும் எஞ்சினுக்குத் தெரியாது.

அக்கா அந்த அட்டையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். “நான் செய்யறேன்,” என்றாள்.

அலுமினியத்தில் செய்தாள். ஸ்டீலில் பழகிய கைக்கு அது முரண்டு பிடித்தது. சூடு கொஞ்சம் கூடினாலும் பொத்தென்று உருகி விழுந்தது. ஒரு வாரம் கழிவுத் தகடுகளில் பழகிவிட்டுத்தான் டேங்கைத் தொட்டாள். ஒல்லியாக, உயரமாக அமைத்தாள். அப்போதுதான் பெட்ரோல் எவ்வளவு ஆடினாலும் அடி வாயை விட்டு விலகாது. வாய்களை அடைத்து, காற்றேற்றி, தொட்டித் தண்ணீரில் அமுக்கினாள். அடி மூலையிலிருந்து ஒரே ஒரு குமிழி, கடுகளவு, மெல்ல மேலே வந்தது.

“இதெல்லாம் ஒரு கசிவா, விடுங்க,” என்றார் மீசை.

“பெட்ரோல்ணே அது,” என்று சொல்லி அந்தப் பக்கம் முழுவதையும் அரைத்தெடுத்துவிட்டு மறுபடி பற்றவைத்தாள். இரண்டாம் தடவை தண்ணீர் அசையவே இல்லை.

காரின் பின்பெட்டியில், இருக்கையை மறைக்கும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் டேங்கைப் பொருத்தி, நான்கு குழாய்களையும் மாட்டினார்கள். பயிற்சி நாளன்று வேண்டுமென்றே பெரிய டேங்கில் கொஞ்சமாக ஊற்றினார் மீசை. ஓட்டுகிறவன் சாலையைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்க்க இன்னொரு ஆள் தேவை. “செஞ்சவங்களே பாத்துடுங்க,” என்றார். மறுக்க வாயெடுத்தவள், எப்படியோ ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டாள்.

முதல் சுற்றில் கண்ணை மூடாமல் இருப்பதே பெரும்பாடாக இருந்தது. இரண்டாவது சுற்றில் தம்பி வேகத்தைக் கூட்டி அந்த நீண்ட வளைவுக்குள் நுழைந்தான். யாரோ கழுத்தைப் பிடித்து இடப்பக்கம் இழுப்பது போலிருந்தது. ஹெல்மெட் கதவுக் கம்பியில் இடித்தது. உடம்பிலுள்ள ரத்தமெல்லாம் ஒரு பக்கமாக ஒதுங்கியது. முதுகுக்குப் பின்னால் பெரிய டேங்கில் பெட்ரோல் சுவரேறி நிற்பதையும், பம்ப் வெறும் காற்றை விழுங்குவதையும் கண்ணால் பார்ப்பது போல அறிந்தாள். முள்ளைப் பார்த்தாள்.

அது ஆடவில்லை. உலகமே சாய்ந்து ஓடிக்கொண்டிருக்கையில், அந்தச் சின்ன முள் மட்டும் ஆணியடித்தது போல நின்றது. எஞ்சின் ஒரே குரலில் முழங்கியது.

வண்டி நின்றதும் தம்பி திரும்பினான். “என்னக்கா, பயந்துட்டியா?”

அவள் இன்னும் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். “இத்தனை வருஷமா எத்தனை டேங்க் செஞ்சிருக்கேன். எல்லாம் லாரியில ஏறிப் போயிடும். உள்ள ஒண்ணு ஊத்தி அது வேலை செய்யறதை ஒரு நாளும் பாத்ததில்லடா.”

ஹெல்மெட் வாரை இன்னும் இறுக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்:

“இன்னொரு சுத்து போடு. இந்தத் தடவை இன்னும் வேகமா.”