பின்னேரம் பார்க்காத அரங்கு

நகரசபையின் களஞ்சிய அறையில், உடைந்த விளம்பரப் பலகைகளுக்கும் பழைய தண்ணீர்ப் பீப்பாய்களுக்கும் நடுவில், பச்சை வர்ணம் பூசிய இரும்பு மடக்குக் கதிரை ஒன்று கிடக்கிறது. அதன் ஒரு கால் கட்டை. ஆடாமல் நிற்பதற்காகத் தேய்ந்த செருப்பொன்றிலிருந்து வெட்டியெடுத்த இறப்பர்த் துண்டை அந்தக் காலில் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. கட்டியவர் எங்கள் கலை ஆலோசனைக் குழுவுக்கு முதல் தலைவியாக இருந்தவர். கம்பியை முறுக்கி முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு, "இனி இது எங்களைவிட நேரா நிக்கும்" என்றார். போன கிழமை அந்தக் கதிரையை எடுக்கப் போனபோது, அதன் தூசைத் தட்டவே எனக்கு அலுப்பாக இருந்தது. ஓய்வூதியம் எடுத்து மூன்று வருடமாகிறது. கதிரை தூக்குகிற வயதா இது?

கலை ஆலோசனைக் குழு என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் சிரிப்பார்கள். மீதிப் பேருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நான் சபையில் எழுதுவினைஞராக இருந்தபோது அந்தக் குழுவின் செயலாளர் வேலையையும் சேர்த்து என் தலையில் கட்டினார்கள். ஏழு பேர் இருந்தார்கள். மாதத்தில் ஒருநாள் கூடுவோம். மண்டபத்தை ஒத்திகைக்கு யாருக்குக் கொடுப்பது, சந்திச் சுவரில் என்ன வரைவது, யாரோ ஒருவர் அன்பளிப்பாகத் தருகிறேன் என்று நிற்கும் சிலையை எங்கே வைப்பது, வைக்க ஏலாது என்பதை அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது, இவைதான் எங்கள் விஷயங்கள். நாங்கள் சொல்வதைச் சபை கேட்கலாம், கேட்காமலும் விடலாம். அதிகாரம் என்று எங்களுக்கு ஒரு துளியும் இல்லை. தேநீரும் பணிசும் உண்டு.

தலைவி படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. சந்தைக்குப் பின்வீதியில் நாடகத் திரை, முடி, வாள், உடுப்பு எல்லாம் வாடகைக்குக் கொடுக்கும் கடை வைத்திருந்தார். வெருகலிலிருந்து புல்மோட்டை வரைக்கும் எந்தக் கோயில் வீதியில் எத்தனை முழத் திரை வேண்டும், எந்தப் பாடசாலை மேடையில் எந்தப் பலகை இற்றுப்போய்விட்டது என்பது அவருக்குத் தலைகீழ்ப் பாடம். குரல் கொஞ்சம் கடுமை. பகிடி விடும்போதும் திட்டுகிற மாதிரித்தான் இருக்கும். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட, ஆனாலும் நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். அவர் என்னைத் தம்பி என்றாலும் நீங்கள் என்றுதான் கதைப்பார்.

அவருக்கு ஒரேயொரு ஆசை இருந்தது. ஊருக்குப் பொதுவாக ஓர் அரங்கு வேண்டும். கோயிலையோ பள்ளிவாசலையோ விகாரையையோ பாடசாலை அதிபரையோ கேட்காமல் எவரும் ஏறி ஆடக்கூடிய ஒரு சீமெந்து மேடை. "பீப்பாய்க்கு மேல பலகை போட்டு ஆடி ஆடி எங்கட சனத்துக்குக் கால் நடுக்கம் வந்திட்டுது. விழாத மேடை ஒண்டு கட்டித் தாங்கோ எண்டுதான் கேக்கிறன்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்வார். பதினைந்து வருடம் சொன்னார். நான் பதினைந்து வருடமும் எழுதினேன்.

அவர் கொண்டுவந்த வழக்கந்தான் கதிரை. ஓர் இடத்தைப் பற்றி ஆலோசனை சொல்ல வேண்டுமென்றால், குழுவில் ஒருவர் அந்தக் கதிரையைக் கொண்டுபோய் அங்கே போட்டு அதில் உட்கார்ந்திருக்க வேண்டும். காலையில் ஒரு மணித்தியாலம், பின்னேரம் ஒரு மணித்தியாலம். "பாக்காமல் சொல்லுறது ஆலோசனை இல்லைத் தம்பி, வெறுங்கதை" என்பார். அதற்கென்று ஒரு படிவமும் செய்வித்தார். காலையில் பார்வையிடப்பட்டது என்று ஒரு வரி, பின்னேரமும் பார்வையிடப்பட்டது என்று இன்னொரு வரி. ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும், கதிரை அந்த இடத்தில் இருப்பதைக் காட்டும் படம் ஒன்று ஒட்ட வேண்டும். மற்றவர்களுக்கு இது பைத்தியக்கார வேலையாகப் பட்டது. ஆனால் பஸ் நிலையச் சுவரில் சித்திரம் வரைய வந்தபோது அந்தக் கதிரையில் இருந்த ஒருவர்தான், சனம் அந்தச் சுவரில் முதுகு சாய்த்துக்கொண்டு நிற்கிறது என்பதைக் கண்டார். தோளுக்கு மேலேதான் வரைய வேண்டும் என்று எழுதினோம், சபை கேட்டது. அந்தச் சித்திரம் இன்றைக்கும் அழியாமல் இருக்கிறது.

பதினாறாவது வருடம் அரங்குக்கு அனுமதி வந்தது. உட்துறைமுகக் கரையில் சபைக்குச் சொந்தமான வெறுங்காணி. பொறியியலாளர் இரண்டு வரைபடம் போட்டு அனுப்பியிருந்தார். ஒன்றில் மேடையின் முதுகு தண்ணீரைப் பார்த்து இருந்தது, மற்றதில் வீதியைப் பார்த்து. எது நல்லது என்று குழு ஆலோசனை சொல்ல வேண்டும், அதுவும் அடுத்த நாளே. பிந்தினால் அந்த வருடத்து வேலைகளில் அரங்கு இல்லை. தலைவி அந்தக் கிழமை தம்பலகாமத்தில் திருவிழா வேலையில் நின்றார். தொலைபேசியில், "நான் வரச் சுணங்கும். நீங்களே கதிரையைக் கொண்டுபோய் இருங்கோ. கட்டாயம் பின்னேரமும் இருங்கோ தம்பி" என்றார். கட்டாயம் என்ற சொல்லை அழுத்தித்தான் சொன்னார்.

காலையில் போனேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு வடிவு. வெயில் என் முதுகுக்குப் பின்னால். முன்னால் நீலத் தண்ணீர், நங்கூரம் போட்ட கப்பல், அதற்கு அப்பால் மலைகள். இதைப் பின்னணியாக வைத்துக் கூத்து ஆடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக் குழந்தைப்பிள்ளை மாதிரிச் சந்தோசப்பட்டேன். அங்கேயே தீர்மானித்துவிட்டேன், மேடையின் முதுகு தண்ணீர்ப் பக்கம்தான். பத்து மணிக்குச் சபை வாகனம் திரும்ப வேண்டும் என்று சாரதி ஹோர்ன் அடித்தார். கதிரையைப் படம் எடுத்தேன். பிறகு, இனி யார் இந்த வெயிலுக்குள் திரும்ப வருவது என்ற எண்ணத்தில், நாலடி தள்ளிப் போட்டு இன்னொரு படமும் எடுத்தேன். அதுதான் பின்னேரப் படம்.

வீட்டில் சுகமில்லாத யாரும் இருக்கவில்லை. எனக்குக் காய்ச்சலும் இல்லை. சோறு தின்றுவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்தேன், அவ்வளவுதான். வெறுங்காணி எங்கே ஓடிப்போகப் போகிறது என்று நினைத்தேன். இருபது வருடம் பிறர் சொன்னதை எழுதியெழுதி மனிதனுக்கு ஓர் அலுப்பு வரும், எழுதினால் போதும் பார்க்கத் தேவையில்லை என்கிற அலுப்பு. அடுத்த நாள் தலைவி பஸ்ஸால் இறங்கி நேரே கந்தோருக்கு வந்தார். கண்ணெல்லாம் நித்திரை. படிவத்தை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்.

அத்திவாரம் வெட்டும் நாளில் அவர் வந்து காணியில் நின்று மேற்கே பார்த்தார். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. "பின்னேரம் இருந்து பாத்தனீங்கள்தானே?" என்று கேட்டார். "ஓம் அக்கா. வெயில் பெரிசாத் தெரியேல்லை" என்றேன். எழுதிய பொய்யைவிட இது எனக்கு அதிகம் உறுத்துகிறது. அந்த நேரத்தில் நான்கு கயிறும் எட்டு முளையுந்தான் அங்கே இருந்தன. உண்மையைச் சொல்லியிருந்தால் பிடுங்கி மற்றப் பக்கம் அடித்திருப்பார்கள்.

அரங்கு கட்டித் திறந்த முதல் நாள் மூதூரிலிருந்து ஒரு குழு வந்து கூத்து ஆடியது. தூரத்துச் சனம் கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதால் எங்கள் பக்கத்தில் இப்படியான நிகழ்ச்சியெல்லாம் நாலரைக்குத் தொடங்கி ஆறே காலுக்கு முடிந்துவிடும். அந்த நேரத்துக்குத்தான் சூரியன் துறைமுகத்துக்கு மேலே இறங்கி வருகிறது. மேலேயிருந்து ஒரு வெயில், தண்ணீரில் பட்டுத் தெறித்து இன்னொரு வெயில். ஆடுபவர்கள் கறுப்பு உருவங்களாகத்தான் தெரிந்தார்கள். சனம் முதலில் நெற்றியில் கை வைத்தது, பிறகு அழைப்பிதழைத் தலையில் பிடித்தது, பிறகு ஒவ்வொருவராக எழும்பி மேடைக்குப் பின்னால் போய் நின்றது. ராசா வேசக்காரர் வெறுங்கதிரைகளைப் பார்த்து வசனம் பேச, அவருடைய முதுகைப் பார்த்துச் சனம் கைதட்டியது. ஐயோ, அந்தக் கைதட்டு! தலைவி மட்டும் முன்வரிசையில் கடைசிவரை இருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வெயிலால்தான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த சபைக் கூட்டத்தில் உறுப்பினர்கள் கோபத்தில் துள்ளினார்கள். "இந்த ஆலோசனை ஆர் சொன்னது?" என்று தவிசாளர் கேட்டார். தலைவி எழுந்து, "கையெழுத்து என்ர. பிழையும் என்ர" என்றார். பதவியிலிருந்து விலகுவதாகக் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கூட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருந்தவன் நான். அவர் சொன்ன இரண்டு வசனத்தையும் பிழையில்லாமல் என் கையாலேயே எழுதினேன்.

பிறகு வேறு தலைவர்கள் வந்தார்கள். மேடைக்குப் பின்னால் வேம்பு வைத்தால் நிழல் வரும் என்று குழு ஆலோசனை சொன்னது, சபை கன்று வைத்தது. எங்கள் ஊர் மான்கள் வீதியெல்லாம் திரிகிறவை, ஒரே இரவில் கொழுந்தைத் தின்று முடித்தன. அடுத்த வருடமும் எழுதினோம், வைத்தார்கள், தின்றன. மூன்றாம் வருடம் கூடு அடிக்கச் சொல்லி எழுதினோம். கூடு வந்தது, கன்று வரவில்லை. மேடையில் இப்போது கருவாடு காய்கிறது. அதற்கு அந்த வெயில் நன்றாகப் பிடிக்கும்.

ஓய்வு பெற்ற மாதம் அவருடைய கடைக்குப் போனேன். நீலத் திரையொன்றை மடித்துக்கொண்டிருந்தார். மற்றத் தொங்கலைப் பிடிக்கும்படி கண்ணால் காட்டினார். பிடித்துக்கொண்டே சொன்னேன். அன்றைக்குப் பின்னேரம் நான் போகவேயில்லை அக்கா என்றேன். அவர் மடிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும் தம்பி. சபைக் கூட்டத்துக்கு முதல் நாள் குழுவின்ர ஃபைலை எடுத்துப் பாத்தனான். ரெண்டு படத்திலயும் கதிரையின்ர நிழல் கடல் பக்கம் விழுந்து கிடக்கு. பின்னேரத்தில நிழல் ரோட்டுப் பக்கமெல்லே விழ வேணும்."

பிறகேன் என்னைச் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டேன்.

"உங்களைச் சொன்னால் பொய் அறிக்கை எண்டு குழுவையே மூடியிருப்பினம். என்னைச் சொன்னால் ஆளை மட்டுந்தான் மாத்துவினம். இந்தச் சபைக்கு இடத்தைப் பாத்துச் சொல்ல ஏழு பேராவது வேணும்." திரையின் கடைசி மடிப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "கோவம் இல்லையெண்டு மட்டும் நினைக்காதைங்கோ. இருந்தது. இப்பவும் இருக்கு. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

குடித்தேன். சீனி கூடுதலாகப் போட்டிருந்தார். போன மாரியில் அவர் காலமானார். செத்த வீட்டில் சபை சார்பில் ஒரு மலர்வளையம் இருந்தது. அரங்கைப் பற்றி எவரும் கதைக்கவில்லை.

இப்போது என்னையும் குழுவில் ஓர் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். மேடையை மற்றப் பக்கம் திருப்பிக் கட்டலாமா என்று புதிய சபை ஆலோசனை கேட்டிருக்கிறது. திருப்புவார்களோ தெரியாது. வருடக்கணக்காகக் கேட்டதில் எனக்குப் பெரிய நம்பிக்கையும் இல்லை. இருந்தாலும் போன கிழமை கதிரையைத் தூக்கிக்கொண்டு போனேன். காலையில் ஒரு மணித்தியாலம் இருந்தேன். வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். மின்விசிறி சுழன்றது, கட்டில் விரித்துக் கிடந்தது. நான் படுக்கவில்லை.

நாலரைக்குக் கருவாட்டுப் பாய்களுக்கு முன்னால் கதிரையை விரித்து இருந்தேன். வெயில் கண்ணைக் குத்தியது. இறப்பர்த் துண்டு தேய்ந்திருந்தாலும் கதிரை ஆடவில்லை. ஆறே கால் வரைக்கும் கண்ணில் தண்ணீர் வடிய இருந்தேன், துடைக்கவில்லை. நடுவில் ஒரு தடவை எழும்பி, கைத்தொலைபேசியால் கதிரையைப் படம் எடுத்தேன். நிழல் ரோட்டுப் பக்கம் விழுந்திருந்தது.