தலை தட்டிய ஆழாக்கு

இந்த நாட்டில் சின்னப் பிள்ளைகளுக்குத் தின்பண்டத்தை வைத்துத்தான் கணக்கு சொல்லிக் கொடுக்கிறார்கள். நான் உதவியாளாக இருக்கும் லெஸ்டர் நகரத்து நர்சரியில், மார்கரெட் டீச்சர் தினமும் ஒரு தட்டில் மூன்று உலர்திராட்சையும் இன்னொரு தட்டில் ஐந்தும் வைப்பாள். "எதில் அதிகம்?" பிள்ளைகள் சரியான தட்டைத் தொட்டால் கைதட்டல். அப்புறம் அத்தனையும் குப்பைத்தொட்டிக்குப் போகும். வந்த புதிதில் பொறுக்க முடியாமல், "ஏன் கொட்டுகிறீர்கள்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டுவிட்டேன். அவள் முகத்தில் அப்படியோர் இரக்கம். "உனக்குப் பசிக்கிறதா?" என்று பாக்கெட்டையே என் கையில் திணித்தாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் டீச்சராக இருந்தவள்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

சாலவாக்கத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சர் நான். புளியங்கொட்டைதான் எங்கள் கணக்குச் சாமான். தின்பதை வைத்தால் எண்ணுவதற்குள் வயிற்றுக்குள் போய்விடும். எண்ணத் தெரியாத வாண்டுகளிடம், "இங்கே ஒண்ணு, அங்கே ஒண்ணு ஜோடி போடு. மிச்சம் நிக்கற பக்கம்தான் ஜாஸ்தி" என்பேன். நன்றாகவே பிடித்துக்கொண்டார்கள், அதிலும் வள்ளி. நாலு வயசு, நாற்று நடும் கன்னியம்மாவின் பெண்.

பால்வாடிக்கு இடம் கொடுத்தவர் ஊரில் பாதி நிலத்துக்குச் சொந்தக்காரர். இடம் கொடுத்த உரிமையில் அடிக்கடி வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அன்றும் உட்கார்ந்திருந்தார். நான் இரண்டு ஆழாக்கில் கொட்டையை நிரப்பி, ஒன்றைக் கையால் வழித்துத் தலை தட்டினேன். மற்றதைக் கோபுரமாகக் குவித்தேன். "எதுல ஜாஸ்தி?" என்று கேட்டேன்.

வள்ளி எழுந்து குவித்ததைத் தொட்டாள். "இத்துல. எங்கம்மாவுக்கு நெல்லு அளக்கச்சே இவரு தட்டித் தட்டி வுட்டுட்றாரு. இவருக்கு அளந்தா மட்டும் குமிச்சி வாங்கிக்கினு போறாரு."

குத்தகைக்குக் கோபுரம், கூலிக்குத் தலை தட்டல். ஊரே அறிந்ததுதான், ஒருவரும் வாயைத் திறந்ததில்லை. அவர் எழுந்தார். "இன்னாம்மா, கொயந்தைங்களுக்கு இதான் சொல்லிக் குடுக்கறியா?" என்று என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் கன்னியம்மாவை வயலில் இறங்கவிடவில்லை. அவள் நேராக என்னிடம் வந்தாள். "டீச்சரம்மா, ஜாஸ்தி கம்மியெல்லாம் எம்பொண்ணுக்கு வாணாம். வேலைக்கே உல வச்சிட்ச்சி. பாட்டு மட்டும் சொல்லிக் குடு, போதும்." வள்ளியின் கன்னம் வீங்கியிருந்தது. அதற்கப்புறம் இரண்டு கொட்டையையும் ஐந்து கொட்டையையும் வைத்துக் கேட்டால்கூட, அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான் டீச்சர்" என்பாள். அறிந்ததை மறைக்க நாலு வயசுக் குழந்தையைப் பழக்கிய ஊர் அது. அதை ஏதோ சொர்க்கம்போல நினைத்து இங்கே உருகுகிற நம்மூர்க்காரர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன வாரம் மார்கரெட்டுக்கு விளையாட்டாகத் தோன்றியது போலிருக்கிறது. பிள்ளைகள் எதிரிலேயே இரண்டு தட்டை என் முன்னால் தள்ளினாள். "இது உன் நாடு, இது எங்கள் நாடு. எதை உனக்கு அதிகம் பிடிக்கும்?" என் வேலையை நிரந்தரமாக்க அவள்தான் இந்த மாதம் சிபாரிசு செய்ய வேண்டும். இரண்டு ஊரைப் பற்றியும் சொல்ல என்னிடம் நிறைய இருந்தது.

"இரண்டும் ஒன்றுதான்" என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்போதுதான் கவனித்தேன், என் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருந்தன.