செல்லையா மாமா துலக்கிய ஹரிகேன்

பலாங்கொடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கச் சந்தில் ஜாபிர் நானாவின் கராஜ் இருக்கிறது. நசுங்கிய வேன், துருவேறிய லொறி, பஸ்ஸோடு உரசிக்கொண்ட த்ரீவீல் என்று எது வந்தாலும் தட்டி நிமிர்த்துவது மற்றவர்கள் பாடு. கடைசியாகப் பெயிண்ட் அடித்து மினுக்கி அனுப்புகிறவன் கிருஷாந்த். முப்பத்திரண்டு வயது. பேச்சுக் குறைவு. அவன் கை பட்ட வண்டியை வெயிலில் நிறுத்தினால், சொந்தக்காரரே ஒரு கணம் தன் வண்டி எது என்று தேடுவார்.

அந்தக் கை, மாலையில் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்கு ஏறி வந்ததும் வேறு வேலை பார்க்கும். பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டிப் போர் விமானம் செய்வான். இரண்டு கையையும் விரித்துப் பிடித்தால் அதன் மேல் அடங்கும் அளவு. ஒட்டி, தேய்த்து, பெயிண்ட் அடித்து, பார்க்க லட்சணமாக வந்த பிறகு அதை அழுக்காக்க உட்காருவான். புகைக்குழாய்க்குப் பின்னால் கரித்தூளை விரலால் இழுப்பான். டர்பன்டைனில் கரைத்த கறுப்பை மெல்லிய பிரஷ்ஷில் தொட்டு, தகடுகள் சேரும் கோடுகளில் ஓட விடுவான். சக்கரத்துக்குச் செம்மண் நிறத்தில் சோக்கட்டித் தூள். பெயிண்ட் உரிந்த மாதிரி காட்ட, மனைவி தர்மிளா பவுடர் பூசிக் கழித்த ஸ்பொஞ்சைக் கிழித்து, அதில் சில்வர் தொட்டு ஒற்றுவான்.

கல்யாணமான புதுசில் தர்மிளாவுக்கு இது விளங்கவே இல்லை.

"நல்லா செஞ்சிட்டு அப்புறம் ஏங்க இப்படிப் பாழாக்குறீங்க?"

"சண்டைக்குப் போயிட்டு வர்ற ப்ளேன் குளிச்சிட்டா வரும்?"

அவள் சிரித்துவிட்டாள். அதோடு அந்த வீட்டின் பின்னறை அவனுடையதாகிவிட்டது. பகலெல்லாம் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் சின்னஞ்சிறுசுகளைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, சத்தம் போடாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் புருஷன் பெரிய ஆறுதலாகவும் இருந்தான்.

இந்தப் பைத்தியம் அவனுக்கு ஒரு காரின் டிக்கியிலிருந்து வந்தது. பெயிண்டுக்கு வந்த காரைக் காலி பண்ணும்போது, யாரோ பாதி ஒட்டிவிட்டுச் சலித்துப்போன ஒரு பெட்டி கிடந்தது. "வீசிருங்க" என்றார் கார்க்காரர். கிருஷாந்த் வீசவில்லை. பசை வழிந்து கோணிப்போயிருந்த இறக்கைகளைக் கழற்றி மறுபடி ஒட்டினான். பிறகு போனில் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தான். ஜப்பான்காரன், போலந்துக்காரன், பிரேசில்காரன் என்று யார் யாரோ செய்து காட்டினார்கள். ஒருவர் பேச்சும் புரியாது. கைகளை மட்டும் பார்த்தான். அது போதுமாக இருந்தது.

அந்த வருஷம் அவன் மேசையில் இருந்தது ஒரு ஹரிகேன். இரண்டாம் உலக யுத்தத்தில் இலங்கை வானத்திலேயே பறந்து சண்டை போட்ட இனம். கொழும்பில் மொடல் செய்கிறவர்கள் கூடி ஒரு கண்காட்சி வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், இதைக் கொண்டுபோவது என்று தீர்மானித்திருந்தான். முதலில் முழு உடம்புக்கும் சில்வர் அடித்து, அதன் மேல் பழுப்பும் பச்சையும் ஏற்றி, பிறகு பொறுமையாக மாதக்கணக்கில் அழுக்காக்கி வந்தான்.

அப்போதுதான் மழை பிடித்தது. யட்டியாந்தோட்டைப் பக்கம் மண்சரிவு எச்சரிக்கை கொடுத்து, ஒரு லயத்து வரிசை வீடுகளில் இருந்த ஆட்களை எல்லாம் எழும்பச் சொல்லிவிட்டார்கள். அந்த லயத்தில்தான் தர்மிளாவின் அப்பா செல்லையா தனியாக இருந்தார். பாடசாலைக் கட்டடத்தில் பாய் போட்டுப் படுத்திருந்தவரை, கிருஷாந்தே போய் இரத்தினபுரி வழியாக பஸ்ஸில் கூட்டி வந்தான்.

செல்லையா முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்துத் துரை பங்களாவில் அப்புவாக, சமையற்காரராக இருந்தவர். சமையல் போக, பங்களாவின் பித்தளைக் குமிழ், வெள்ளிக் கரண்டி, மரப் படிக்கட்டு, கண்ணாடி எல்லாம் அவர் பொறுப்பு. எத்தனையோ துரைமார் மாறினார்கள்; குமிழ்களின் பளபளப்பு மாறவில்லை. ஓய்வு பெற்று வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. மகள் வீட்டுக்கு வந்த முதல் நாளே கதவுப் பிணைச்சலுக்கு எண்ணெய் விட்டார். அடுத்த நாள் அடுப்படிச் சுவரைக் கழுவினார். கேத்தலில் முகம் தெரிந்தது.

அந்த வார நடுவில் ஒரு மாலை கிருஷாந்த் நனைந்துகொண்டே வந்தான். மாமா வாசலில் எதிர்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"வாங்க மாப்ள. பின்னால வந்து பாருங்க. அடையாளமே தெரியாது!"

கூரைக்குக் கீழே ஒரு சாக்கை விரித்து, அதன் மேல் அவன் இதுவரை செய்து வைத்திருந்த ஐந்து விமானங்களும் மூக்கைத் தூக்கியபடி வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. கரி இல்லை. எண்ணெய்க் கறை இல்லை. செம்மண் இல்லை. ஒன்றின் சக்கரம் உடைந்து தனியாக ஒரு சிரட்டையில் கிடந்தது. பக்கத்தில் மயிரிழை மாதிரி இரண்டு அன்டெனா கம்பிகள்.

"எவ்ளோ அழுக்கு மாப்ள! உங்களுக்கு வேலைக்குப் போயிட்டு வந்து நேரம் கெடைக்கல போல. சோப்பு போட்டேன். இந்தப் பெரிசு மட்டும் போகவே இல்ல. பல்லு வெளக்குற பேஸ்ட்ட வச்சு நல்லா தேச்சேன்."

பெரிசு என்றது ஹரிகேனை.

கிருஷாந்த் குடையையும் எடுக்காமல் திரும்பி நடந்து, தோட்டத்து ரோட்டின் வளைவு வரைக்கும் போய், ஒரு தேயிலை மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் மண்டைக்குள் அடித்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் சண்டை போடலாம். அந்த மனுஷன் முகம் எப்படி மலர்ந்திருந்தது!

அவன் திரும்பி வந்தபோது தர்மிளா வேலை முடிந்து வந்திருந்தாள். அவளே அப்பாவுக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டாள் என்பது வீட்டுக்குள் கால் வைத்ததும் தெரிந்தது. மாமா சோற்றைப் பிசைந்தபடி இருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை. பருப்பும் கருவாடும் அன்றைக்கு யாருக்கும் இறங்கவில்லை.

காலையில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. மாமா சேர்ட்டை மாட்டி, பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்க கெளம்பிட்டீங்க மாமா?"

"மழைதான் விட்டிருச்சே மாப்ள. லயத்துக்கே போயிர்றேன்."

"அங்க இன்னும் எச்சரிக்கைய எடுக்கல."

"பரவால்ல. எனக்கு எங்க எதத் தொடணும், தொடக் கூடாதுன்னு வெளங்கல. இருந்தா இன்னும் எதையாவது கெடுத்துருவேன்."

மறித்துப் பேசக் கிருஷாந்துக்கு வராது. ஏதாவது செய்ய வேண்டுமே என்று பின்பக்கம் போய் விமானங்களை உள்ளே எடுத்து வைக்கத் தொடங்கினான். ஹரிகேனைக் கையில் தூக்கினான். இறக்கை மேல் வெயில் சரிந்து விழுந்தது.

அப்படியே நின்றான்.

மாமா பேஸ்ட் போட்டு அழுத்தித் தேய்த்த இடங்களில், பழுப்பும் பச்சையும் கரைந்து அடியில் இருந்த சில்வர் கசிந்து வந்திருந்தது. எல்லா இடத்திலும் அல்ல. தகட்டு விளிம்புகளில், ஆணித் தலைகளில், இறக்கையின் முன் ஓரத்தில். எங்கெல்லாம் கொஞ்சம் உயர்ந்திருந்ததோ அங்கே மட்டும். பெயிண்ட் ஒரேயடியாக நின்றுவிடாமல், மெலிந்து மெலிந்து மறைந்திருந்தது. பழைய வேன்களின் பொனெட்டில் அவன் தினமும் பார்க்கிற தேய்வு அது. ஸ்பொஞ்சால் ஒற்றி ஒற்றி எத்தனை தடவை முயன்றும் அவனுக்குக் கைவராத தேய்வு.

"மாமா! இங்க வாங்க!"

செல்லையா பயந்துகொண்டே வந்தார்.

"இத எப்படித் தேச்சீங்க? செஞ்சு காட்டுங்க."

"வேணாம் மாப்ள…"

"கோவத்துல கேக்கல மாமா. நெசமாவே கேக்கிறேன். மத்தப் பக்க றெக்க அரைகொறையா இருக்கு. அதையும் இதே மாதிரி தேச்சுத் தாங்க."

மாமா அவன் முகத்தை நன்றாகப் பார்த்தார். கேலி இல்லை என்று தெரிந்த பிறகு சேர்ட்டுக் கையை மடித்தார். பழைய பனியன் துணியை விரலில் சுற்றி, துளி பேஸ்ட் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கலானார். வெள்ளிக் கரண்டியின் பூவேலையில் விரல் போன பாதை அது. தேய்த்துக்கொண்டே கேட்டார்:

"இதுல ஏர்ற ஆளு எங்கிட்டால கால வப்பான்?"

"உடம்போட றெக்க சேர்ற இடத்துல."

"அப்ப அங்கதான் கூடத் தேஞ்சிருக்கும். படிக்கட்டுல பாத்ததில்லியா?"

"தேய்ங்க மாமா."

தர்மிளா தேத்தண்ணி கொண்டுவந்தபோது இருவரும் தலையோடு தலை முட்டக் குனிந்திருந்தார்கள். வாசலில் கட்டி வைத்த பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, பிள்ளைக்காம்பராவுக்குப் புறப்பட்டாள்.

கரியையும் எண்ணெய்க் கறையையும் கிருஷாந்த் புதிதாகப் போட்டான். முன்பு போட்டதில் பாதி கூட வேண்டியிருக்கவில்லை. அன்டெனாவுக்கு தர்மிளாவின் தையல் நூலை இழுத்துக் கட்டினான். கண்ணாடி மூடியில் பேஸ்ட் கீறிய கீறல் மட்டும் போகவில்லை. மூடியைப் பின்னால் தள்ளித் திறந்த மாதிரி ஒட்டிவிட்டான்.

கொழும்புக்கு மூவருமாகப் போனார்கள். மண்டபம் நிறைய மேசைகள். டாங்கிகள், கப்பல்கள், விமானங்கள். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்தார். எதையும் தொட்டுவிடுவோமோ என்று பயம். பரிசு வேறு யாருக்கோ போனது. அந்த டாங்கியைக் கிருஷாந்தே முன்னால் நின்று வெகுநேரம் பார்த்தான்; கொடுத்தது நியாயம்தான் என்று பட்டது.

ஆனால் ஹரிகேன் முன்னால் ஒரு பெரியவர் குனிந்தவர் நிமிரவே இல்லை. ஆகாயப்படையில் மெக்கானிக்காக இருந்தவராம். "மல்லி, மேக கொஹொமத கெருவே?" என்று இறக்கையைக் காட்டிக் கேட்டார். எப்படிச் செய்தாய் தம்பி என்று.

கிருஷாந்த் சிங்களத்தில் நீளமாகப் பதில் சொல்லத் தேவையிருக்கவில்லை. இரண்டு மொழியிலும் மாமா மாமாதான். "மாமா" என்று சொல்லி, செல்லையா பக்கம் கையைக் காட்டினான். பெரியவர் செல்லையாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன் பிறகு அவர்கள் இருவரும் ஓரமாக இரண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். செல்லையா பங்களாவில் பழகிய சிங்களத்தில் எண்ணெய் வகைகளைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவர் என்ஜினைப் பற்றி. யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்றே தெரியவில்லை.

மத்தியானம் தர்மிளா கட்டி வந்த புளிச்சோற்றை நான்கு பங்காக்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் தூங்கிப்போனார். விமானப் பெட்டி தர்மிளாவின் மடியில். அவிசாவளை தாண்டியதும் அவள் கேட்டாள், "அடுத்தது என்னா செய்யப் போறீங்க?"

"கப்பல்ல எறங்குற ப்ளேன் ஒண்ணு. கடல் உப்புக் காத்து பட்டா பெயிண்ட் வேற மாதிரி வெளுக்கும். அத நான் இன்னும் செஞ்சு பாக்கல."

"கடலுக்கே போய்ப் பாத்தா என்ன? படகெல்லாம் நிக்கும்ல."

"காலிக் கடக்கரைக்குப் போவோமா?"

"அப்பாவையும் கூட்டிக்கிட்டு" என்றாள் அவள். எந்த ஞாயிறு என்று பஸ்ஸிலேயே பேசத் தொடங்கினார்கள்.