பகல்நேரத்துக் கிரிஜா

பதினான்கு வருடங்களில் முதல்முறையாகக் கிரிஜாவுக்கு ஏழு வாரம் வேலையில்லை. ஹடப்சரில் ஒரு மென்பொருள் கம்பெனியை விட்டுவிட்டு, அடுத்ததில் சேரும் தேதியை வேண்டுமென்றே ஜூன் பதினைந்துக்குத் தள்ளியிருந்தாள். கணவன் ராம்பிரசாத் காலை ஆறரைக்கே ரஞ்சன்காவ் ஃபேக்டரி பஸ் ஏறிவிடுவான். அவன் போனதும் மறுபடி படுத்து, பத்து மணிக்கு எழுந்து, பல்கூடத் துலக்காமல் பால்கனியில் உட்கார்ந்து மாம்பழம் தின்பாள். கையெல்லாம் சாறு வழியும். துடைக்கத் தோன்றாது.

அந்தக் குடியிருப்புக்கு வந்து ஐந்து வருடம். ஆனால் வாரநாளில் மத்தியானம் அங்கே எப்படியிருக்கும் என்று அவள் பார்த்ததே இல்லை.

ஐந்தாம் நாள் மூன்று மணி வெயிலில், கேட்டுக்கு எதிரே இருந்த கரும்புச்சாறு கடைக்குப் போனாள். அதுதான் முதல்தடவை. கடைக்காரர் சலீம், அவள் வாய் திறக்குமுன்பே ஐஸ் இல்லாமல், இஞ்சி தூக்கலாக ஒரு தம்ளரை நீட்டினார்.

"என்ன தீதி, நாலு நாளா காணோமே?" என்றார் ஹிந்தியில்.

அவளுக்குப் பிடித்ததும் அப்படித்தான், ஐஸ் இல்லாமல். சிரித்து மழுப்பிவிட்டுக் குடித்தாள். இரவு சாப்பிடும்போது சொன்னதற்கு, "உன்ற சாயல்ல யாராவது இருப்பாங்க, விடு கண்ணு," என்றான் ராம்பிரசாத்.

இரண்டு நாள் கழித்து, முதல் மாடி லிஃப்ட் வாசலில் ஒரு பெண்மணி அவள் கையைப் பிடித்து இழுத்தார். ஐம்பது வயதிருக்கும். அவர் வீட்டுப் பெயர்ப்பலகையில் வனஜா என்று இருந்தது. பாங்கில் விருப்ப ஓய்வு வாங்கியவர், இந்த ஊரிலேயே, கட்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர் என்பதெல்லாம் கிரிஜாவுக்குப் பின்னால்தான் தெரிந்தது.

"அரே, எங்க ஒரு வாரமா ஆளையே காணோம்? ஆட்டத்தை அப்படியே வெச்சிருக்கேன், வா."

உள்ளே கூடத்தில் கேரம் போர்டு. காய்கள் பாதி ஆட்டத்தில் நின்றிருந்தன. ஜன்னல் பக்கத்து நாற்காலியைக் காட்டி, "உன் இடம் காலியாத்தான் இருக்கு," என்றார்.

கிரிஜா உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தோம் என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். அந்த வெயில் நேரத்தில், ஃபேன் சத்தத்தில், ஒருத்தர் தன்னைக் காணாமல் ஏங்கியிருக்கிறார் என்பது சுகமாக இருந்தது. அவ்வளவுதான். ஸ்ட்ரைக்கரைச் சுண்டினாள். காய் எங்கோ போனது.

"இன்னைக்கு உனக்குக் கையே வரல," என்று வனஜா சிரித்தார்.

அன்றிலிருந்து தினமும் போனாள். பிசைந்த அவல், ஏலக்காய் டீ, கேரம். எதிர்வீட்டுப் பூனை மடியில் ஏறித் தூங்கியது. காய்கறி வண்டிக்காரர் கேட்காமலே பிஞ்சு வெண்டைக்காயாகப் பொறுக்கி வைத்தார். யாரோ ஐந்து வருடமாக வாழ்ந்து பழக்கிவைத்த மத்தியானத்துக்குள் அவள் கால்நீட்டிப் படுத்துக்கொண்டாள். முதலில் முதுகு சில்லிட்டது. மே மாத நடுவில் அதுவும் பழகிவிட்டது. பள்ளிக்கூட நாட்களுக்குப் பிறகு இவ்வளவு சிரித்ததில்லை.

ஜூன் முதல் வாரத்தில் சொன்னாள்: "வனஜாக்கா, பதினஞ்சாம் தேதி வேலைக்குச் சேர்றனுங்."

வனஜா கை ஸ்ட்ரைக்கரோடு நின்றது. "நீயா? ஒருநாள்கூட வேலைக்குப் போகாதவ நீ! மொத வேலைக்கு மெட்ராஸுக்கு ரயிலேறி, திருப்பூர்லயே இறங்கி, பெஞ்சுல ரெண்டு மணிநேரம் உட்கார்ந்திட்டு வீட்டுக்குத் திரும்பிட்டேன்னு நீதானே சொன்னே?"

திருப்பூரில் கிரிஜா இறங்கியது உண்மை. இரண்டு மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததும் உண்மை. பெற்றவர்களிடம் சொன்னதில்லை, ராம்பிரசாத்திடமும் சொன்னதில்லை. ஆனால் அவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. அடுத்து வந்த ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

"அது... எப்பச் சொன்னேனுங்கக்கா?"

"எத்தனை தடவை! சொல்லிச் சொல்லி சிரிப்பியே."

அன்று ஆட்டத்தை முடிக்காமல் எழுந்துவிட்டாள். அதன்பிறகு வெளியே இறங்கவில்லை. மிச்சமிருந்த நாட்களைக் கதவைச் சாத்திக்கொண்டு துணி மடித்தே கழித்தாள். பதினைந்தாம் தேதி ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தபோதுதான் மூச்சு சீரானது.

ஜூலையில் ஒருநாள் கொட்டித் தீர்த்த மழையில் ஆபீஸைப் பாதியில் மூடினார்கள். நனைந்துகொண்டே வீடு வந்தபோது மணி மூன்றேகால். மனசு கேட்கவில்லை. வனஜாவிடம் சொல்லிக்கொள்ளாமலே நின்றுவிட்டது உறுத்திக்கொண்டே இருந்தது. முதல் மாடியில் இறங்கி மணியடித்தாள்.

கதவைப் பாதி திறந்த வனஜா, அவள் கழுத்திலிருந்த ஆபீஸ் அட்டையைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க, யாரு வேணும்? மேல் ஃப்ளோரா நீங்க?"

"அக்கா, நான் கிரிஜாங்க."

"கிரிஜாவா?" வனஜா மரியாதையாகச் சிரித்தார். "வேடிக்கையா இருக்கே. என் ஃப்ரெண்டு பேரும் அதுதான். உள்ளேதான் இருக்கா. ஆட்டம் நடுவுல இருக்கு, அப்புறமா வர்றீங்களா?"

அவர் தோளுக்குப் பின்னால், கூடத்திலிருந்து ஸ்ட்ரைக்கர் காயில் மோதும் சத்தம் கேட்டது. காய் குழிக்குள் சுத்தமாக விழுந்தது. தொடர்ந்து ஒரு சிரிப்பு. வீடியோக்களில் மட்டுமே கேட்டிருந்த தன் சிரிப்பைக் கிரிஜா முதல்முறையாகச் சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டாள்.

கதவு மெல்லச் சாத்தப்பட்டது. அவள் உடனே மேலே போகவில்லை. ஈரம் சொட்டச் சொட்ட, சிரிப்பு அடங்கும்வரை படியில் நின்றாள். அடங்க வெகுநேரமானது.

அந்த வருடம் அவள் ஒருநாளும் லீவு எடுக்கவில்லை. காய்ச்சல் அடித்த வாரம்கூட மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீஸ் போனாள். "ஒருநாள் வீட்ல படுத்தா என்ன குடி முழுகிப்போகுது?" என்று ராம்பிரசாத் சத்தம் போட்டான்.

"பகல்ல வீட்ல எடமில்லைங்க," என்றாள் கிரிஜா. அவனுக்கு அது விளங்கவில்லை. அவள் ஆபீஸ் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.